அம்மா கேட்டிராத பெயர்

2014 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 17 வயதுப் பிள்ளை ஒன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டது. ஓரிரு நாளிலேயே உலகம் முழுக்க அந்தப் பிள்ளையின் பெயர் தெரிந்துவிட்டது. லீலா ஆல்கார்ன். அப்போது சி.என்.என். தொலைக்காட்சி அவளுடைய அம்மாவிடம் பேசியது. அந்தப் பெயரைத் தான் அதுவரை கேட்டதே இல்லை என்று அம்மா அழுதுகொண்டே சொன்னார். பிள்ளையை நிபந்தனையில்லாமல் நேசித்தோம், ஆனால் பிள்ளை தன்னைத் திருநங்கை என்று சொன்னதை எங்கள் விசுவாசத்தின்படி எங்களால் ஆதரிக்க முடியவில்லை என்றும் அதே பேட்டியில் சொன்னார்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன். அவர் நேசித்தார். பெயரைக் கேட்டதும் இல்லை. இந்த நிகழ்வைத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பது இதுதான். யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, வீட்டை விட்டுத் துரத்தவில்லை. அப்படியிருந்தும் பிள்ளை போய்விட்டது.

லீலா என்பது நமக்குப் பழகின பெயர். நம் தெருவிலேயே ஒரு லீலா அக்காவோ, பள்ளியில் ஒரு லீலா டீச்சரோ இருந்திருப்பார்கள். பிறந்தபோது ஆண் பிள்ளை என்று எழுதப்பட்டு, ஆண் பெயர் வைக்கப்பட்ட ஒரு அமெரிக்கப் பெண் தனக்குத் தானே தேடி வைத்துக்கொண்ட பெயரும் அதுவாக இருந்தது. பழைய பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை.

நான் சபையில் வளர்ந்தவள். பல வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவள். லீலாவிடம் சொல்லப்பட்ட வார்த்தைகளில் பாதி நானும் பிள்ளைகளிடம் சொன்னவைதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லீலா 1997 நவம்பர் 15 அன்று பிறந்தாள். சின்சினாட்டி நகரத்துக்குப் பக்கத்தில் கிங்ஸ் மில்ஸ் என்ற சின்ன ஊரில் வளர்ந்தாள். குடும்பம் போய்வந்தது சர்ச் ஆஃப் கிறைஸ்ட் மரபைச் சேர்ந்த ஒரு சபை. இந்த மரபில் பிஷப் கிடையாது, பிஷப்புக்குக் கீழே பல சபைகளைச் சேர்த்த டயோசிஸ் என்ற வட்டாரமும் கிடையாது. ஒவ்வொரு சபையையும் அதன் மூப்பர்களே நடத்துவார்கள். பெரும்பாலான சபைகளில் ஆர்கன், கீபோர்டு எதுவும் இல்லாமல் வாயால் மட்டும் பாடுவார்கள். வேதத்தில் எழுதியிருப்பதுபடி நடக்க வேண்டும் என்பதில் கறாரானவர்கள். 2011இல் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை அந்தச் சபையைப் பற்றி எழுதியபோது இந்தக் குடும்பத்தையும் அதில் சேர்த்திருந்தது. வெளியாருக்கு எடுத்துக்காட்டுவதற்கு ஏற்ற குடும்பம் என்று அர்த்தம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த நிகழ்வைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி லீலா இணையத்தில் விட்டுப்போன ஒரு கடிதத்திலிருந்து வருகிறது. பெற்றோர் கேட்டுக்கொண்டதால் அது பிறகு நீக்கப்பட்டது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் படித்துவிட்டார்கள். அது அவளுடைய பக்கத்து வாக்குமூலம். அம்மாவின் பேட்டி அடுத்த பக்கம். பெற்றோரின் மனதுக்குள் என்ன ஓடியது என்பதை இந்த இரண்டையும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. என்ன சொல்லப்பட்டது, என்ன செய்யப்பட்டது என்பதைத்தான் பார்க்க முடியும்.

நான்கு வயதிலிருந்தே தான் ஒரு பெண் என்ற உணர்வு அவளுக்கு இருந்தது. ஆனால் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, தன்னைப் போல வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பதினான்காவது வயதில்தான் தெரிந்தது. தெரிந்த அன்று சந்தோஷத்தில் அழுதாள். பத்து வருடக் குழப்பம் அன்றைக்குத் தீர்ந்தது. அந்தச் சந்தோஷத்தோடு அவள் உடனே போய்ச் சொன்னது அம்மாவிடம்.

இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. அம்மாவைத்தான் முதலில் நம்பியிருக்கிறாள். திருநர் பிள்ளைகள், அதாவது பிறந்தபோது எழுதப்பட்ட பாலினம் தங்களுக்குப் பொருந்தாத பிள்ளைகள், வீட்டாரிடம் மறைக்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று நம் ஆட்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இந்தப் பிள்ளை மறைக்கவில்லை. சொல் கிடைத்ததும் கையோடு கொண்டுபோய் அம்மா முன்னால் வைத்தது.

அம்மா மூன்று பதில் சொன்னதாகக் கடிதம் சொல்கிறது. இது கொஞ்ச நாளில் போய்விடும் என்பது ஒன்று. நீ ஒருநாளும் உண்மையான பெண்ணாக முடியாது என்பது இரண்டாவது. கடவுள் தவறு செய்வதில்லை என்பது மூன்றாவது.

முதல் இரண்டையும் எந்த மதத்து வீட்டிலும் சொல்வார்கள். மூன்றாவது நம் வீடுகளுக்கே உரியது. கர்த்தர் தப்பு பண்ணமாட்டார் என்று நாம் சொல்லும்போது பிள்ளைக்கு எது கேட்கிறது? படைத்தவர் மேல் தப்பில்லை என்றால் தப்பு என் மேல்தான் என்பது கேட்கிறது. தப்பு செய்தேன் என்றால் மன்னிப்பு கேட்கலாம், மனந்திரும்பலாம். தப்பே நான்தான் என்றால் எதை விட்டுத் திரும்புவது? பதினான்கு வயதில் அந்தக் கணக்கு தனியாகப் போடப்பட்டது.

வேடிக்கையாகச் சொல்லவில்லை, அதே வாக்கியத்தை அப்படியே எதிர்ப்பக்கமும் சொல்லலாம். கர்த்தர் தப்பு பண்ணமாட்டார், அதனால் உன்னைப் படைத்ததிலும் தப்பில்லை என்று ஒரு அம்மா சொல்லியிருக்கலாம். 139ஆம் சங்கீதத்தில் நாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் சொல்லிக்கொடுக்கிற வசனம் அதுதானே, பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டேன் என்பது? இந்த வசனம் சில பிள்ளைகளுக்கு மட்டும் என்று நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன்.

கடிதத்தில் லீலா பெற்றோர்களைப் பார்த்து நேரடியாகவே பேசுகிறாள். நீங்கள் கிறிஸ்தவர்களாக இருந்தாலும், இதற்கு எதிரானவர்களாகவே இருந்தாலும், பெற்ற பிள்ளையிடம் இப்படிச் சொல்லிவிடாதீர்கள், அது பிள்ளை தன்னைத் தானே வெறுப்பதற்குத்தான் உதவும், எனக்கு அதுதான் நடந்தது என்கிறாள். விசுவாசத்தை விட்டுவிடுங்கள் என்று அவள் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை விடச் சொன்னாள்.

அடுத்தது சிகிச்சை. பிள்ளை சோர்ந்துபோயிருக்கிறது என்பது வீட்டுக்குத் தெரிந்தது, ஆலோசகரிடம் அழைத்துப் போனார்கள். ஆனால் கிறிஸ்தவ ஆலோசகர்களிடம் மட்டும். நீ சுயநலமாக யோசிக்கிறாய், இது தப்பு, தேவனிடம் உதவி கேள் என்பதே அங்கே கிடைத்தது என்று எழுதியிருக்கிறாள். தன் மனச்சோர்வுக்கான சிகிச்சை தனக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை என்றும் சொல்கிறாள். வந்த நோய் ஒன்று, வைத்தியம் பார்த்தது வேறொன்றுக்கு. மனச்சோர்வு சிகிச்சைக்கு வசப்படும் நோய். திருநராக இருப்பது நோயே இல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்றுக்கொண்ட தன் நோய்ப்பட்டியலில் அதை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது.

16ஆவது பிறந்தநாளன்று, பெண்ணாக மாறுவதற்கான மருத்துவத்தைத் தொடங்கப் பெற்றோரிடம் சம்மதம் கேட்டாள். கிடைக்கவில்லை. அழுதுகொண்டே தூங்கிப்போனாள். அப்புறம் ஒரு சுற்றுவழி யோசித்தாள். நான் தன்பாலீர்ப்பாளன் என்று முதலில் பள்ளியில் சொல்லிப் பழக்கிவிட்டால், திருநங்கை என்று பிறகு சொல்லும்போது அதிர்ச்சி குறையும் என்பது அவள் கணக்கு. நண்பர்கள் நன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். வீட்டில்தான் வெடித்தது. தங்கள் மதிப்பை நான் கெடுப்பதாக நினைத்தார்கள், என்னால் அவர்களுக்கு அவமானம் என்று எழுதுகிறாள். பத்திரிகையில் சபையோடு சேர்த்து எழுதப்பட்ட குடும்பம் என்று சொன்னேன் இல்லையா? நம்மூரில் இதை நாலு பேர் என்ன சொல்வார்கள் என்போம். சபையில் அந்த நாலு பேருக்கும் பெயர் உண்டு, ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். படிப்பு வீட்டிலிருந்தே, கணினி வழியாக. மடிக்கணினி போனது, கைபேசி போனது, சமூக ஊடகம் கூடாது என்றானது. ஐந்து மாதம் இப்படி இருந்தாள்.

அந்த ஐந்து மாதத்தைத்தான் இந்த நிகழ்வின் நடுப்பகுதி என்று நான் சொல்வேன். பெற்றோர் கண்ணால் பார்த்தால் அது பாதுகாப்பு. கெட்ட சகவாசத்தை வெட்டினால் பிள்ளை திரும்பிவிடும் என்று நம்பியிருப்பார்கள். நம் வீடுகளிலும் இதைத்தான் செய்கிறோம். போனைப் பிடுங்கி வைப்பது, சித்தப்பா வீட்டுக்கு அனுப்புவது, உபவாசக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது. ஆனால் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். அவளை அப்படியே ஏற்றுக்கொண்டவர்கள் பள்ளி நண்பர்கள் மட்டும்தான். வீடு ஏற்கவில்லை, சபை ஏற்கவில்லை, ஆலோசகர் ஏற்கவில்லை. அந்த ஒரு கதவை மூடிய பிறகு அந்தப் பிள்ளைக்கு மிஞ்சியவர்கள் எல்லாம் அவளை மாறச் சொன்னவர்கள்.

கல்வியாண்டு முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓடிப்போய் நண்பர்களைத் தேடினாள். முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பதினாறு வயதில் ஐந்து மாதம் என்பது பெரிய காலம், ஒவ்வொருவரும் தன் தன் பாட்டுக்கு நகர்ந்திருந்தார்கள். முன்பைவிட இப்போது தனிமை அதிகமானது என்கிறாள். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், எடுத்த நாட்களைக் கொடுக்க முடியாது.

அவள் நன்றாக வரைவாள். ஊருக்குப் பக்கத்தில் கிங்ஸ் ஐலண்ட் என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அங்கே வருகிறவர்களை நிற்க வைத்துக் கேலிச்சித்திரம் வரைந்து கொடுக்கும் வேலை பார்த்தாள். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் உட்கார்ந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து, மூக்கையோ தாடையையோ கொஞ்சம் பெரிதாக்கி, சிரிக்க வைத்து அனுப்புகிற வேலை. அடுத்தவர் முகத்தை அவ்வளவு கவனித்த ஒரு பிள்ளையின் முகத்தை வீட்டில் யாராலும் பார்க்க முடியவில்லை என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

இறப்பதற்குச் சில மாதம் முன்பு அவள் இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். பெற்றோர் என்னை அடிக்கவில்லை, ஆனால் நீ ஒருநாளும் பெண்ணாக முடியாது, தேவன் உன்னை நரகத்துக்கு அனுப்புவார் என்றெல்லாம் சொல்கிறார்கள், இதைக் கொடுமை என்று சொல்லலாமா என்பது கேள்வி. அடி விழுந்ததா என்றுதான் நாமும் முதலில் கேட்போம். விழவில்லை என்றால் மேலே கேட்க மாட்டோம்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தற்கொலைக்கு ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. கல்லூரி, பணம் சேர்க்க வேண்டிய கவலை, மதிப்பெண், விலகிப்போன நண்பர்கள், பல வருடமாகச் சரியாகக் கவனிக்கப்படாத மனச்சோர்வு என்று எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கின்றன. வாராவாரம் சபைக்குப் போய், தான் வாழ நினைக்கிற வாழ்க்கைக்கு எதிரானவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவளுடைய சாவு ஒரு தியாகமாகப் பேசப்படுவதையும் நான் ஏற்கமாட்டேன். அவள் இருந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் தள்ளியிருந்தால் வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு வாழ்க்கை கிடைத்திருக்கும். இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால், 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் அது, தமிழில் பேசலாம்.

என் ஞாயிறு பள்ளி வகுப்பில் பையன்கள் ஒரு வரிசை, பெண்பிள்ளைகள் ஒரு வரிசை. மனப்பாட வசனப் போட்டியும் அப்படித்தான் நடக்கும். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று இரண்டு வரிசையிலும் சேராமல் சுவரோரமாக நிற்கும். ஜன்னல் கம்பியில் ஒரு விரலைச் சுற்றிக்கொண்டு, பெண்பிள்ளைகள் வசனம் சொல்லும்போது உதடு மட்டும் அசையும். நான் ஒவ்வொரு வாரமும் கையைப் பிடித்து இழுத்து வந்து பையன்கள் வரிசையில் நிறுத்துவேன். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான். என்னடா உனக்கு வெட்கம் என்பேன். அந்தக் கை ஒருநாளும் என் கையைத் திருப்பிப் பிடித்ததில்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அந்தப் பிள்ளை என்னவாக வளர்ந்தது என்று நான் சொல்லப்போவதில்லை, அது அந்தப் பிள்ளையின் கதை.

வேறு விதமாக நடந்திருக்க முடியுமா? முடியும் என்பதற்கு வேலை செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கெய்ட்லின் ரயான் என்பவர் குடும்ப ஏற்புத் திட்டம் என்ற ஆய்வை நடத்திவருகிறார். 2009இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், வளரும் வயதில் வீட்டில் கடுமையாக நிராகரிக்கப்பட்ட தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளைஞர்கள் தற்கொலைக்கு முயல்வது, நிராகரிப்பே இல்லாத அல்லது மிகக் குறைவான வீட்டுப் பிள்ளைகளைவிட 8.4 மடங்கு அதிகமாக இருந்தது. அந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. அந்தக் குழு பெற்றோரைத் திட்டவில்லை. பக்தியான குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியது. மார்மன் என்ற அமெரிக்க மதப்பிரிவின் குடும்பங்களுக்கென்றே தனியாக ஒரு கையேடு போட்டது. உங்கள் நம்பிக்கை உங்களோடு இருக்கட்டும், இந்த இந்தக் காரியத்தை மட்டும் நிறுத்துங்கள் என்று சொல்கிற வழி அது. லீலா கேட்டதும் அதைத்தான்.

பெயரைப் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. 2018இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ரஸ்ஸல் குழு 129 திருநர் இளைஞர்களிடம் ஒரு எளிய கேள்வி கேட்டது. நீ வைத்துக்கொண்ட பெயரால் உன்னை வீட்டில் கூப்பிடுகிறார்களா, பள்ளியில், வேலையில், நண்பர்களிடையே? அப்படிக் கூப்பிடுகிற இடம் ஒன்று கூடினாலே தற்கொலை எண்ணம் 29 சதவீதமும், தற்கொலை முயற்சி போன்ற நடத்தை 56 சதவீதமும் குறைவாக இருந்தன. சிறிய ஆய்வுதான், பெயர் மட்டுமே காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குக் காசு செலவில்லை, மருத்துவர் வேண்டாம், மூப்பர்களின் தீர்மானமும் வேண்டாம்.

கடிதத்தின் அடியில் லீலா இரண்டு பெயரையும் எழுதியிருந்தாள். வீட்டில் வைத்த பெயர் வெளியே. தன் பெயர் அடைப்புக்குறிக்குள். கடைசிக் கடிதத்திலும் அவள் பெயர் அடைப்புக்குறிக்குள்தான் இருந்தது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. பெற்றோர் மீது வழக்குப் போட வேண்டும் என்று குரல்கள் எழுந்தன, மிரட்டல்கள் வந்தன, அதனால் அடக்க ஆராதனையைக்கூடக் குடும்பம் தனியாக நடத்த வேண்டியதாயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் மேல் கல்லெறிவதில் எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் செய்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

லீலா பெயரில் ஒரு சட்டம் வேண்டும் என்று மனு கிளம்பியது. பாலினத்தையோ ஈர்ப்பையோ மாற்றிக் காட்டுகிறேன் என்று செய்யப்படும் கன்வெர்ஷன் தெரபியைத் தடைசெய்யக் கேட்ட மனு அது. மூன்று லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. 2015 ஏப்ரலில் ஒபாமா நிர்வாகம், சிறுவர்களுக்கு அப்படிச் செய்வதை நிறுத்த வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. நாடு முழுவதற்குமான சட்டம் வரவில்லை. அந்த வருட டிசம்பரில் சின்சினாட்டி நகரமன்றம் தன் எல்லைக்குள் தடை போட்டது, மீறினால் நாளொன்றுக்கு 200 டாலர் அபராதம்.

ஒஹாயோ மாநிலம் எதிர்ப்பக்கம் போனது. 18 வயதுக்குக் கீழே உள்ள திருநர் பிள்ளைகளுக்குப் பாலின மாற்று மருத்துவமே கூடாது என்று சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் மைக் டிவைன் குடியரசுக் கட்சிக்காரர், கத்தோலிக்கர். பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு பேசிய பிறகு 2023 டிசம்பர் 29 அன்று அதில் கையெழுத்திட மறுத்தார். லீலா இறந்த நாளின் மறுநாள் அது, ஒன்பது வருடம் கழித்து. அடுத்த மாதமே சட்டசபை அவருடைய மறுப்பைத் தள்ளிவிட்டுச் சட்டமாக்கியது. லீலாவுக்கு அன்று பெற்றோர் சம்மதம் மட்டும் குறுக்கே நின்றது. இந்தச் சட்டத்தின்படி பெற்றோரே சம்மதித்தாலும் வழியில்லை.

நம் பக்கத்திலும் சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பால்புதுமையரை, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றவர்களை, மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தனக்கு இதில் தெளிவு போதாது என்று அவரே முன்வந்து உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிட்டு எழுதிய தீர்ப்பு. அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் சிகிச்சை செய்வது மருத்துவருக்குத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆனால் விடுதலை ஜெபம் என்று ஒரு பிள்ளையை நடுவில் முழங்காலில் நிறுத்தி, சுற்றி நின்று தலையில் கை வைத்து, ஆவியே போ என்று கத்துகிறவர் மருத்துவர் இல்லை. மருத்துவ ஆணையத்தின் கை அங்கே எட்டாது. எட்ட வேண்டியது நாம், அந்த வட்டத்தில் நிற்கிற அத்தைகளும் மாமாக்களும்.

ஏசாயா 56ஆம் அதிகாரத்தில் அண்ணகர்களைப் பற்றி, அதாவது விதை நீக்கப்பட்ட ஆண்களைப் பற்றி, ஒரு பகுதி வரும். அண்ணகர்களுக்கு என் ஆலயத்தில் இடம் தருவேன், குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட நல்ல கீர்த்தியைத் தருவேன், அழியாத பெயரைத் தருவேன் என்று கர்த்தர் சொல்கிறார். அன்றைய அண்ணகரும் இன்றைய திருநரும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணகர்களைச் சபைக்குள் வரவிடாத மரபு இருந்த காலத்தில் எழுதப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். ஞாயிறு பள்ளியில் இந்த அதிகாரம் வரும்போதெல்லாம் நான் அந்த இரண்டு வசனத்தைத் தாண்டிவிடுவேன். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்.

போன வருடம் தாண்டவில்லை. வாசிக்க வைத்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கி, அண்ணகர்னா யாரு அக்கா என்று கேட்டது. சொன்னேன். வேறு ஒரு பிள்ளை, அப்ப அவங்களுக்கு சாமி என்ன பேரு வெச்சாரு என்று கேட்டது. வேதத்தில் அது எழுதவில்லை, நாமே அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன்.